மாங்கூழ் டின் முதல் தொப்பூர் இறக்கம் வரை: கணக்கை எழுத்தாகவே போட்டு முடிக்கும் வழி

பொறியியல் படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் கணக்கைப் பார்த்ததும் செய்கிற முதல் வேலை, கொடுத்திருக்கிற எண்களை எல்லாம் அப்படியே சூத்திரத்தில் தூக்கிப் போடுவது. அப்புறம் கால்குலேட்டர். விடை வந்துவிடும்தான். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் என்ன ஆகும், எதைக் கூட்டினால் பலன், எதைக் கூட்டினாலும் வீண் என்று யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். எண்களைக் கடைசி வரை உள்ளே விடாமல், எழுத்தாகவே கணக்கைக் கொண்டுபோனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சூத்திரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கையால் அப்படிச் செய்தால் மூன்றாவது பக்கத்தில் ஒரு கழித்தல் குறி காணாமல் போகும், அதனால்தான் யாரும் செய்வதில்லை. அந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம். கணினி இயற்கணித மென்பொருள் என்பது இதற்குத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலோனே என்ற பிரெஞ்சு வானியலாளர் நிலவின் பாதையை முழுக்க எழுத்துகளாலேயே கணக்கிட்டார். கணக்குப் போடப் பத்து வருடம், சரிபார்க்க இன்னொரு பத்து வருடம். 1970-ல் அதே கணக்கைக் கணினியில் ஓட்டினார்கள், சுமார் 20 மணி நேரத்தில் முடிந்தது, அவர் செய்திருந்த ஒன்றிரண்டு பிழைகளும் அகப்பட்டன. இருபது வருட உழைப்பில் அவ்வளவு குறைவான பிழை என்பதுதான் எனக்கு இன்னமும் வியப்பு.

எந்த மென்பொருள்?

மேத்தமேட்டிகா, மேப்பிள் எல்லாம் நல்லவை, காசும் அதிகம். கல்லூரியில் உரிமம் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கவலை வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிற இரண்டு போதும். ஒன்று சிம்பை, பைத்தானுக்குள் ஓடுகிற ஒரு லைப்ரரி. கூகுள் கொலாபில் அது ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது, லேப்டாப் இல்லாதவர்கள் மொபைல் பிரவுசரிலேயே ஓட்டலாம், திரை சின்னது என்பதுதான் தொல்லை. இன்னொன்று மேக்ஸிமா. இதன் மூதாதை, 1968-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆரம்பித்த மேக்சிமா (Macsyma) என்ற நிரல், ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. அதை வில்லியம் ஷெல்டர் என்பவர் பல ஆண்டுகள் கட்டிக்காத்து, 1998-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட அனுமதி வாங்கினார். பழைய லேப்டாப்பிலும் ஓடும், இன்டர்நெட் தேவையில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் மலைக்குள் சிக்னல் வந்து போகிற ஊர்களில் இருக்கிறவர்களுக்கு நான் மேக்ஸிமாவைத்தான் சொல்வேன், டபிள்யூஎக்ஸ் மேக்ஸிமா என்ற முகப்போடு சேர்த்து இறக்கிக்கொண்டால் பட்டன்களை அழுத்தியே பாதி வேலையை முடிக்கலாம். பைத்தான் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்கள் யோசிக்காமல் சிம்பைக்குப் போங்கள்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிக்கிற மாதிரி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆனால் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். நீளம், தடிமன், வேகம் என்று பெயர் வைத்தால் நாலு நாள் கழித்துத் திறந்து பார்க்கும்போதும் எது எது என்று புரியும்.

முதல் கணக்கு: மாங்கூழ் டின்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சீசனில் ரோடெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். கூழை அடைக்கிற பெரிய டின் 3.1 கிலோ பிடிக்கும். அதன் விட்டம் சுமார் 157 மில்லிமீட்டர், உயரம் 178. ஏன் இந்த அளவு? குறைந்த தகரத்தில் அதிகக் கூழ் பிடிக்க வேண்டும் என்றால் டின் எப்படி இருக்க வேண்டும்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் கணக்கு உண்டு, விடை "உயரமும் விட்டமும் சமம்" என்று வரும். நிஜ டின் அதைவிடக் கொஞ்சம் உயரம். இங்கேதான் எழுத்தை விட்டுவைப்பதன் அருமை தெரியும். மேல் மூடிக்கும் அடி மூடிக்கும் சேர்த்துச் செலவாகிற தகரம் ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும் என்பது மட்டும் நிச்சயம், எத்தனை மடங்கு என்பதை இப்போதே முடிவு செய்யாமல் "மூடி" என்று ஒரு எழுத்தாக வைத்துக்கொள்வோம்.

சிம்பையில் முதலில் சிம்பல்ஸ் கட்டளையால் ஆரம், கொள்ளளவு, மூடி மூன்றையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போதே பாசிட்டிவ் = ட்ரூ என்று சேர்த்துவிடுங்கள். இதைச் சேர்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஆரம் என்பது எதிர்ம எண்ணாக இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும், கணினிக்கு நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் மூன்று விடை கொடுக்கும், இரண்டில் கற்பனை எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உயரத்தைக் கொள்ளளவிலிருந்து எழுதிவிட்டால் மொத்தத் தகரம்:

தகரம் = மூடி × ஆரம்² + 2 × கொள்ளளவு ÷ ஆரம்

டிஃப் கட்டளையால் ஆரத்தைப் பொறுத்து வகைக்கெழு எடுங்கள், சால்வ் கட்டளையால் அதைப் பூஜ்ஜியத்துக்குச் சமமாக்குங்கள். ஆரம் என்பது கொள்ளளவை மூடியால் வகுத்து எடுத்த கனமூலம் என்று வரும். அதை உயரத்துக்கான சூத்திரத்தில் சப்ஸ் கொண்டு போட்டு சிம்ப்ளிஃபை செய்தால் கிடைப்பது:

உயரம் ÷ ஆரம் = மூடி ÷ பை

கொள்ளளவு காணாமல் போய்விட்டது பாருங்கள். சின்ன டின்னோ பெரிய டின்னோ, வடிவம் ஒன்றுதான். இனி மூடியின் மதிப்பை மாற்றிப் பார்க்கலாம். தகரம் துளி வீணாகாமல் வட்டமாகவே கிடைத்தால் மூடி 2 பை, உயரமும் விட்டமும் சமம், இதுதான் புத்தக விடை. சதுரத் துண்டுகளிலிருந்து வட்டம் வெட்டி மூலைகளை வீசினால் மூடி 8, உயரம் விட்டத்தைப் போல 1.27 மடங்கு. தேன்கூடு மாதிரி அறுகோணமாக அடுக்கி வெட்டினால் மூடி 4√3, உயரம் 1.10 மடங்கு. நிஜ டின்னின் 178-ஐ 157-ஆல் வகுத்தால் 1.13. தையல் மடிப்பு, கையில் பிடிக்கிற வசதி என்று இன்னும் காரணங்கள் இருக்கும், ஆனாலும் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். முதலிலேயே 2 பை என்று எண்ணைப் போட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது.

தட்டும்போது கவனிக்க வேண்டியவை

பைத்தானில் அடுக்குக் குறிக்கு இரண்டு நட்சத்திரம், கூரைக் குறி போட்டால் அது வேறு வேலை. மேக்ஸிமாவில் கூரைக் குறியே போதும். பைத்தானில் ஒற்றைச் சமக்குறி என்றால் பெயர் வைப்பது, சமன்பாடு எழுத ஈக்யூ என்று தனியாக உண்டு. மேக்ஸிமாவில் பெயர் வைக்க முக்காற்புள்ளி, சமக்குறி நிஜமாகவே சமன்பாடு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும், அதை மறந்துவிட்டுக் கணினி தொங்கிவிட்டது என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. அது நீங்கள் வரியை முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டிலுமே லாக் என்றால் இயல் மடக்கை, பத்தடிமான மடக்கை இல்லை. குழாய் உராய்வுக் கணக்குப் போடும் சிவில் மாணவர்கள் இதில் வழுக்குவார்கள்.

மேக்ஸிமாவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கணக்கின் நடுவில் நிறுத்தி "இந்த மாறி நேர்மமா, எதிர்மமா, பூஜ்ஜியமா" என்று கேட்கும். பாசிட்டிவ் என்று தட்டி அரைப்புள்ளியும் போட்டால் தொடரும். தொல்லையாகத் தோன்றினால் ஆரம்பத்திலேயே அஸ்யூம் கட்டளையில் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நல்லது, நாம் யோசிக்காமல் விட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

கல் பலகை

நம் பக்கம் பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் கல் பலகை போட்டிருப்பார்கள். கல்லுக்கு அமுக்கம் தாங்கும், இழுவிசைதான் ஆகாது, அதனால் பலகையின் அடிப்பக்கம் நடுவில்தான் விரியும். இரு முனையும் சுவரில் உட்கார்ந்திருக்கிற பீம் என்று வைத்து, நடுவில் வளைவுத் திருப்புதிறன் (ஒரு மீட்டர் நீளத்துக்கான எடை) × நீளம்² ÷ 8 என்ற தெரிந்த சூத்திரத்தையும், செவ்வகக் குறுக்குவெட்டுக்கான சூத்திரத்தையும் அப்படியே தட்டி, சிம்ப்ளிஃபை கொடுங்கள். மேலே வைக்கிற பாரத்தைச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று "சுமை" எனச் சேர்த்தால்:

இழுவிசை அழுத்தம் = 3 × நீளம்² × (அடர்த்தி × ஜி × தடிமன் + சுமை) ÷ (4 × தடிமன்²)

அகலம் அடிபட்டுப்போனது. அகலமான பலகை வாங்கினால் பலம் கூடும் என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டலாம். நீளம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. தன் எடை மட்டும் என்றால் தடிமனை இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும், மேல் சுமையே பெரிது என்றால் கால்வாசியாகும். 3 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் தடிமன், அடர்த்தி 2700 என்று போட்டால் தன் எடையால் மட்டும் சுமார் 1.8 மெகாபாஸ்கல் வருகிறது. நல்ல கிரானைட் இதைவிடப் பல மடங்கு தாங்கும், ஆனால் உள்ளே நூல் விரிசல் இருக்கிற கல்லுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது, அதைக் குவாரிக்காரர்கள் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

சிம்பைக்குள் பீம் கணக்குக்கென்றே தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. பாரத்தையும் தாங்கும் இடங்களையும் சொன்னால் வெட்டுவிசை, திருப்புதிறன், தொய்வு எல்லாம் எழுத்தாகவே தரும். மெக்கானிக்கல், சிவில் படிக்கிறவர்கள் தேர்வுக்கு முன் ஒரு முறை அதை மேய்ந்து பாருங்கள்.

ஃப்ளோரைடு தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், பல்லில் கறை, மூட்டு மடங்காமை என்று அது படுத்திய பாடும் நமக்கெல்லாம் தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை.

போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.4 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்து 1-க்குக் கொண்டுவர எந்த விகிதத்தில் கலப்பது? சால்வ் போட்டால் ஒரு வரியில் விடை:

போர் தண்ணீரின் பங்கு = (அளவு − ஆறு) ÷ (போர் − ஆறு)

இப்போது எண்ணைப் போடுங்கள். 0.4 என்று தசமமாகப் போட்டால் 0.230769230769231 என்று வரும். 2/5 என்று பின்னமாகப் போட்டால் 3/13. மூன்று பங்கு போர், பத்துப் பங்கு ஆறு. குடம் கணக்கில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். பைத்தானில் வெறுமனே 2/5 என்று தட்டினாலும் அது உடனே தசமமாக மாற்றிவிடும், ரேஷனல் என்ற கட்டளைக்குள் 2, 5 என்று கொடுக்க வேண்டும். ஒரு மாறியை 3-ஆல் வகுத்தால் பிரச்சினையில்லை, 1/3 என்று முதலில் எழுதிவிட்டு மாறியால் பெருக்கினால்தான் 0.333 நுழைந்துவிடும். மேக்ஸிமாவில் இந்தத் தலைவலி கிடையாது, பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருக்கும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சுவையானது. மேல்நிலைத் தொட்டி நிறைய போர் தண்ணீர் நிற்கிறது, இனி ஆற்றுத் தண்ணீரை மட்டும் விடுகிறோம், விடுகிற அளவே வெளியேயும் போகிறது, எவ்வளவு நேரத்தில் தொட்டித் தண்ணீர் 1-க்கு இறங்கும்? இது வகைக்கெழுச் சமன்பாடு. சிம்பையில் செறிவை ஃபங்ஷன் என்று அறிவித்து டிசால்வ் கொடுக்க வேண்டும், ஆரம்பத்தில் செறிவு என்ன என்பதை ஐசிஎஸ் என்ற இடத்தில் சொன்னால் மாறிலியையும் அதுவே கண்டுபிடித்துவிடும். மேக்ஸிமாவில் ஓடிஇ2, அப்புறம் ஐசி1. வந்த விடையை நேரத்துக்காக சால்வ் செய்தால்:

நேரம் = (தொட்டி ÷ ஓட்டம்) × லாக்((போர் − ஆறு) ÷ (அளவு − ஆறு))

மேலே சொன்ன எண்களுக்கு லாக்கின் உள்ளே 13/3, மதிப்பு 1.466. 30,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் சுமார் 440 நிமிடம், ஏழு மணி நேரத்துக்கு மேல். ஒரு தொட்டி அளவு தண்ணீர் விட்டாலே மாறிவிடும் என்று தோன்றும், ஆனால் ஒன்றரைத் தொட்டி தேவைப்படுகிறது. இன்னொன்றையும் அதே சூத்திரம் சொல்கிறது: ஆற்றுத் தண்ணீரின் அளவும் 1-ஐ நெருங்கினால் லாக்குக்குள் கீழே பூஜ்ஜியம், நேரம் முடிவிலிக்குப் போகும். தொட்டியை முழுசாகத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது எப்போது நல்லது என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

தொப்பூர் இறக்கம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவது நாம் அடிக்கடி கேட்கிற செய்தி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதுதான் காரணம் என்பார்கள், மெதுவாகப் போ என்று போர்டும் இருக்கிறது. இந்த இரண்டில் எது முக்கியம் என்பதை எழுத்துக் கணக்கால் கண்டுபிடிக்க முடியும். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், எனக்குப் பிடித்த கணக்கு இது.

லாரி ஒரே வேகத்தில் இறங்குகிறது. சரிவு அதைக் கீழே இழுக்கிற விசை, எடை × ஜி × சரிவு. எஞ்சின் கியரில் இருந்தால் அது கொஞ்சம் பிடிக்கும், அதை "எஞ்சின்" என்று வைப்போம். மிச்ச விசையை பிரேக் தாங்குகிறது, அந்தத் திறன் எல்லாம் பிரேக் டிரம்மைச் சூடாக்குகிறது. டிரம் காற்றில் ஆறவும் செய்கிறது, வெளியைவிட எவ்வளவு சூடோ அதற்கு ஏற்ப. ஆறுகிற வேகத்தை "ஆறல்" என்று வைக்கலாம். டிரம் நிறையையும் இரும்பின் தன்வெப்பத்தையும் பெருக்கியது "கொள்". அப்போது

கொள் × (சூட்டின் வகைக்கெழு) = (எடை × ஜி × சரிவு − எஞ்சின்) × வேகம் − ஆறல் × சூடு

இங்கே சூடு என்பது வெளி வெப்பத்துக்கு மேல் எவ்வளவு என்பது. டிசால்வ் கொடுத்து, ஆரம்பத்தில் சூடு பூஜ்ஜியம் என்று சொல்லி, நேரத்துக்குப் பதில் தூரம் ÷ வேகம் என்று சப்ஸ் செய்தால், அடிவாரத்தில் டிரம்மின் சூடு:

சூடு = (எடை × ஜி × சரிவு − எஞ்சின்) × (வேகம் ÷ ஆறல்) × (1 − இ^(−ஆறல் × தூரம் ÷ (கொள் × வேகம்)))

எண்ணைப் போடுவதற்கு முன் லிமிட் கட்டளையால் இரண்டு ஓரத்தையும் தட்டிப் பாருங்கள். வேகம் பூஜ்ஜியத்துக்குப் போனால் சூடு பூஜ்ஜியம், சரிதான். வேகம் முடிவிலிக்குப் போனால் ஆறல் முழுசாக மறைந்து, விசை × தூரம் ÷ கொள் என்று வருகிறது. அதாவது ஆறவே நேரமில்லை, மலையிறங்கிய ஆற்றல் அத்தனையும் டிரம்முக்குள். இதுவும் பொருந்துகிறது. இப்படி இரு ஓரமும் சரியாக இருந்தால் நடுவில் நம்பலாம், ஒரு ஓரம் உளறினால் சமன்பாட்டைத் தவறாக எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம்.

இனி எண்கள், எல்லாம் உதாரணத்துக்கு. 40 டன் லாரி, நூற்றுக்கு 4 சரிவு, 5 கிலோமீட்டர் இறக்கம், மொத்த டிரம் இரும்பு 450 கிலோ, தன்வெப்பம் 500, ஆறல் டிகிரிக்கு 150 வாட். எஞ்சின் பூஜ்ஜியம், அதாவது நியூட்ரல். மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்கினால் டிரம் வெளியைவிட 316 டிகிரி ஏறுகிறது. 30-ல் 287. ஆமை மாதிரி 15-ல் இறங்கினாலும் 240. வேகத்தை நாலில் ஒரு பங்காக்கியும் சூடு கால்வாசிகூடக் குறையவில்லை, சரியாகச் சொன்னால் 24 சதவீதம். ஏனென்றால் மெதுவாகப் போனாலும் பிரேக்கை அதிக நேரம் மிதித்துக்கொண்டே இருக்கிறோம்.

எஞ்சின் பக்கம் பாருங்கள். அது விசையோடு நேராகக் கழிகிறது. கீழ் கியரில் போட்டு எஞ்சின் பாதி விசையைப் பிடித்தால் சூடு சரிபாதி, 30-ல் 287 இருந்த இடத்தில் சுமார் 144. எஞ்சினும் சரிவும் சமமானால் பிரேக்கே வேண்டாம். ஆக மெதுவாகப் போவது எதற்கு முக்கியம் என்றால், மெதுவாகப் போனால்தான் கீழ் கியர் போட முடியும் என்பதற்கு. மெதுவாக, ஆனால் நியூட்ரலில் இறங்குகிற லாரிக்கு அந்த போர்டால் பெரிய நன்மை இல்லை. காற்றுத் தடை, டயர் உராய்வு, வேகத்தோடு ஆறலும் கூடுவது எல்லாவற்றையும் நான் விட்டுவிட்டேன், ஆறலை வேகத்தின் சார்பாக எழுதி நீங்களே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம், சூத்திரம் கையில் இருக்கிறதே.

எழுத்து விடை கிடைக்காதபோது

எல்லாக் கணக்கும் இப்படிப் படிந்து வராது. ஐந்தாம் படியிலும் அதற்கு மேலும் உள்ள சமன்பாடுகளுக்கு, வர்க்கமூலம் கனமூலம் மாதிரி மூலங்களால் எழுதுகிற பொதுச் சூத்திரமே கிடையாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம், சால்வ் திணறினால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. தென்பெண்ணையின் இரு கரையிலும் டவர் நட்டு மின்கம்பி இழுக்கிறோம், இடைவெளி 200 மீட்டர், நடுவில் தொய்வு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் வளைவைத் தீர்மானிக்கிற எண்ணை "வளை" என்றால் (காஷ் என்பது cosh, மீவளையக் கொசைன்)

வளை × (காஷ்(இடைவெளி ÷ (2 × வளை)) − 1) = தொய்வு

இதை வளைக்காக எழுத்தில் தீர்க்க முடியாது. என்சால்வ் கட்டளைக்குப் போக வேண்டும், மேக்ஸிமாவில் ஃபைண்ட் ரூட். ஆனால் என்சால்வுக்கு எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று ஒரு எண் கொடுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு 1 என்று கொடுத்தால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளும். அந்த ஆரம்ப எண்ணுக்கு மறுபடி எழுத்துக் கணக்கே உதவும். சீரீஸ் கட்டளையால் காஷை விரித்து முதல் உறுப்பை மட்டும் எடுத்தால் வளை என்பது இடைவெளி² ÷ (8 × தொய்வு), அதாவது 1000. அங்கிருந்து தேடச் சொன்னால் 1000.83 என்று நிற்கும். அடுத்த உறுப்பையும் சேர்த்துக்கொண்டால் திருத்தம் என்ன தெரியுமா, தொய்வில் ஆறில் ஒரு பங்கு. 5-ஐ 6-ஆல் வகுத்தால் 0.83. கம்பியைப் பரவளையம் என்று வைத்துக் கணக்குப் போடும் பழைய வழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது.

சிம்ப்ளிஃபை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மந்திரம் இல்லை, எது எளிது என்று அதுவாக ஊகிக்கிறது, சில நேரம் இன்னும் அசிங்கமாக்கிவிடும். ஃபேக்டர், எக்ஸ்பேண்ட், கலெக்ட் என்று குறிப்பான கட்டளைகள் இருக்கின்றன, உங்களுக்கு எந்த வடிவம் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். இரண்டு விடை ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து சிம்ப்ளிஃபை செய்து பூஜ்ஜியம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மாறிகளுக்கு ஏதாவது ஏறுமாறான எண்களைப் போட்டு மதிப்பு பூஜ்ஜியமா என்று பார்க்கலாம். சால்வ் தந்த விடையை மூலச் சமன்பாட்டில் திருப்பிப் போடுவதும், வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு செக்ஓடிஇசால் ஓட்டுவதும் நிமிட வேலை. சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்த வரிகளையும் இதே சல்லடையில் போட்டுச் சலித்துவிட்டுத்தான் அசைன்மென்டில் எழுத வேண்டும், அது கணக்கைப் பேசத் தெரிந்த ஆள், போடத் தெரிந்த ஆளா என்பது ஒவ்வொரு தடவையும் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியில் படம் வரைய வேண்டும், நூறு வேகங்களுக்கு அட்டவணை வேண்டும் என்றால் சப்ஸை நூறு தரம் ஓட்டாதீர்கள், மெதுவாக இருக்கும். லேம்டிஃபை என்ற கட்டளை உங்கள் சூத்திரத்தைச் சாதாரணப் பைத்தான் செயற்கூறாக மாற்றித் தரும், நம்பை என்ற எண் கணக்கு லைப்ரரியோடு சேர்த்தால் ஒரே வீச்சில் ஆயிரம் எண்ணும் வரும். அறிக்கையில் ஒட்டுவதற்கு லேடெக் என்ற கட்டளை சூத்திரத்தை அச்சு வடிவத்துக்கு மாற்றும், மேக்ஸிமாவில் டெக்ஸ் என்று உண்டு. தொப்பூர் சூத்திரத்தையே எடுத்து, வேகத்தைக் கிடையச்சிலும் சூட்டைக் குத்தச்சிலும் வைத்து, எஞ்சின் விசைக்கு நாலைந்து மதிப்பு கொடுத்து வரைந்து பாருங்கள். வேகத்தால் கோடுகள் எவ்வளவு சோம்பலாக ஏறுகின்றன, எஞ்சினால் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது ஒரே படத்தில் தெரியும்.